வானிலை முன்னறிவிப்பில் அரசின் பங்கு எதுவரை, தனியாரின் பங்கு எங்கிருந்து?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஒரு கைபேசிச் செயலி குறித்துத் தீர்ப்பளித்தது. அந்நாட்டு அரசின் வானிலைத் துறை 2015 முதல் அந்தச் செயலியை விளம்பரமின்றி, கட்டணமின்றி வழங்கிவந்தது. கடும் வானிலை பற்றிய எச்சரிக்கைகளோடு அன்றாட வானிலையும் மழை ரேடார் படமும் அதில் இருந்தன. வெட்டர்ஆன்லைன் என்ற தனியார் வானிலை நிறுவனம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. எச்சரிக்கைகளை இலவசமாக வழங்கலாம், ஆனால் பொதுவான வானிலைத் தகவலைக் கட்டணமின்றி வழங்குவது அத்துறைக்கென இயற்றப்பட்ட சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வரிப்பணத்தில் இயங்கும் ரேடாரின் படத்தை, வரி செலுத்தியவர் தன் கைபேசியில் பார்ப்பதற்கு மீண்டும் பணம் கட்டும் நிலை இதனால் உருவானது.

நார்வே இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. அங்கே அரசு வானிலை நிறுவனமும் பொது ஒலிபரப்பு நிறுவனமும் இணைந்து 2007இல் தொடங்கிய 'யூர்' என்னும் சேவை எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறது. அதன் தரவை எவரும் எடுத்துத் தம்முடைய சேவையில் பயன்படுத்திக்கொள்ளவும் அனுமதி உண்டு. நார்வேயைப் பார்த்தே இராதவர்கள் பலரும் உலகின் பல மூலைகளிலிருந்து அதைப் பார்க்கிறார்கள். இரண்டும் வளமான நாடுகள், இரண்டிலும் அறிவியல் வலுவானது; ஆயினும் அரசின் எல்லை எங்கே முடிய வேண்டும் என்ற கேள்விக்கு அவை அளித்த விடைகள் வேறு. இந்த எல்லையைப் புதிதாக வகுக்கவோ திருத்தவோ முற்படும் எந்த நாட்டுக்கும் முன்னால் நான்கு வழிகள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பிடுவதற்கு முன், எதை ஒப்பிடுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வானிலைச் சேவை என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் நான்கு வேலைகள் அடங்கியுள்ளன. வளிமண்டலத்தை அளப்பது முதல் வேலை. அளந்தவற்றைக் கணினி மாதிரியில் செலுத்தி வரும் நாள்களின் நிலையைக் கணிப்பது இரண்டாவது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து வரும்போது எச்சரிப்பது மூன்றாவது. ஒரு கப்பல் தலைவருக்கோ மின்தொகுப்பை இயக்குபவருக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ அவரவர் தேவைக்கேற்பக் கணிப்பை வடித்துக் கொடுப்பது நான்காவது. இந்த நான்குக்கும் பொருளாதார இயல்பு வேறு வேறு. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி அரசிடமா தனியாரிடமா என்று பேசுவதால்தான் இந்த விவாதம் பல நாடுகளில் முன்னேறாமல் நின்றுவிடுகிறது.

முதல் வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். உலக நேரப்படி நள்ளிரவை ஒட்டியும் நண்பகலை ஒட்டியும் உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களில் பலூன்கள் ஏற்றப்படுகின்றன. ஹைட்ரஜனோ ஹீலியமோ நிரப்பிய பலூனின் கீழே நூலில் தொங்கும் சிறு பெட்டி, வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் மேலேறியபடியே வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து ரேடியோ வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது காற்றில் நகரும் விதத்திலிருந்து காற்றின் திசையும் வேகமும் தெரிய வருகின்றன. 30 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் பலூன் வெடித்து, பெட்டி எங்கோ கடலிலோ காட்டிலோ விழுகிறது. பெரும்பாலான பெட்டிகள் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு நிலையத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு கருவிகள், ஆண்டு முழுவதும், விடுமுறை நாளிலும் விடாமல் இழக்கப்படும் இந்தச் செலவைத் தனியொரு வாடிக்கையாளர் ஏற்க மாட்டார். அதன் பயன் அவரிடம் மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதே காரணம். ஒரு நாட்டில் ஏற்றிய பலூன், ஐந்து நாள் கழித்து இன்னொரு கண்டத்தில் பெய்யும் மழையின் கணிப்பைச் செம்மைப்படுத்துகிறது. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாததும், பணம் தராதவரை விலக்கி வைக்க எளிதில் முடியாததுமான இத்தகைய பொருளைப் பொருளியலார் பொதுப்பண்டம் என்பர். சந்தையிடம் மட்டும் விட்டுவிட்டால் அது தேவையைவிடக் குறைவாகவே உற்பத்தியாகும்.

எல்லாமே அரசிடம்

முதல் வழி, நான்கு வேலைகளையும் அரசே வைத்துக்கொள்வது. நவீன வானிலைச் சேவைகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்தன. 1859 அக்டோபரில் பிரிட்டனின் ஆங்கில்சி தீவுக்கு அருகே 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர், பிரிட்டனின் அரசு வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் தந்தி வழியாகக் கடலோர அளவீடுகளைத் திரட்டி, 1861இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கைகளை அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு நாளிதழில் பொது முன்னறிவிப்பும் வெளிவரலாயிற்று. 1865இல் அவர் இறந்த பிறகு, இந்தக் கணிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று கருதிய குழுவொன்றின் பரிந்துரையால் சேவை நிறுத்தப்பட்டது. ஆனால் கடலில் பிழைப்பவர்கள் விடவில்லை. அவர்களின் வற்புறுத்தலால் 1867இல் புயல் எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின. பொது முன்னறிவிப்பு திரும்பி வர 1879 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கையையும் அன்றாட முன்னறிவிப்பையும் மக்கள் இருவேறு பொருள்களாகக் கருதினார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அரசு ஏகபோகத்தின் வலிமை அதன் பொறுப்புணர்வில் உள்ளது; பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது, ஏனெனில் தவறு செய்யும்போது அதைச் சுட்டிக்காட்டும் இரண்டாவது குரல் இருக்காது. 1900 செப்டம்பரில் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரைத் தாக்கிய சூறாவளியில் குறைந்தது 6,000 பேர் இறந்தனர். 8,000 பேர் என்றே பல வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். ஹவானாவின் பெலன் கல்லூரியைச் சேர்ந்த வானிலையாளர்களுக்கு அந்தக் கடற்பகுதியின் புயல்களைப் பற்றி நீண்ட அனுபவம் இருந்தது, அந்தப் புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் செல்லும் என்று கியூபாவில் கருதினார்கள். அமெரிக்க வானிலைத் துறையோ, புயல் வடக்கே திரும்பி அட்லாண்டிக் கரையோரம் செல்லும் என்று நம்பியது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், கியூபாவிலிருந்து வானிலை பற்றிய தந்திகள் அரசுக் கம்பிகளில் செல்வதை அந்தத் துறையின் தலைமை தடுக்கச் செய்திருந்தது. தன் குரல் ஒன்றே ஒலிக்க வேண்டும் என்ற பிடிவாதம் மக்கள் உயிரோடு தொடர்புடைய துறையில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

நான்காவது வேலையிலும் இந்த வழி தடுமாறுகிறது. 1970 ஜனவரியில் ஜப்பானின் ஒனஹாமா துறைமுகத்தில் திடீரென வலுத்த புயலில் சரக்குக் கப்பல் ஒன்று மூழ்கி 15 மாலுமிகள் இறந்தனர். அந்தக் கப்பலைப் பணியமர்த்திய வணிக நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், துறைமுகத்துக்கென்று தனியான முன்னறிவிப்பு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று எண்ணினார். அந்த எண்ணமே பின்னர் 1986இல் வெதர்நியூஸ் என்னும் தனியார் வானிலை நிறுவனமாக உருவானது. கப்பல் தலைவருக்கு வேண்டியது நாளை மழை வருமா என்பதன்று. இந்தக் கப்பல், இந்தச் சுமையோடு, இந்தப் பாதையில் சென்றால் அலை எவ்வளவு உயரும், எரிபொருள் எவ்வளவு கூடும் என்பதே. இப்படி ஒவ்வொரு கப்பலுக்கும் காற்றாலைக்கும் சுரங்கத்துக்கும் வடித்துக் கொடுக்க அரசுத் துறையிடம் ஆள் இராது; இருந்தாலும் ஒரு சிலரின் இலாபத்துக்கான வேலையை எல்லோருடைய வரியிலும் செய்வதற்கு நியாயம் இராது.

அரசே வணிகராவது

இரண்டாவது வழி, வானிலைத் துறையை அரசுக்குச் சொந்தமான நிறுவனமாக்கி, அதன் செலவில் ஒரு பகுதியைத் தரவையும் சேவையையும் விற்று ஈட்டச் சொல்வது. நிதி அமைச்சகங்களுக்கு இது எப்போதும் கவர்ச்சியாகத் தோன்றும். நியூசிலாந்து 1992இல் மெட்சர்வீஸ் என்னும் அரசு வணிக நிறுவனத்தை உருவாக்கியது. அதே ஆண்டில் நிவா என்னும் ஆய்வு நிறுவனமும் தனியாக அமைந்தது. காலப்போக்கில் இரண்டுமே முன்னறிவிப்பு வழங்கலாயின. இரண்டும் அரசின் சொத்து, இரண்டும் வருவாய்க்காகப் போட்டியிட்டன. ஒரே நாட்டு மக்களுக்கு இரண்டு அரசு நிறுவனங்களிடமிருந்து இரண்டு கணிப்புகள் வந்தன. தரவைப் பெறுவது சிரமமாக இருக்கிறது என்ற குறை நீண்டகாலம் எழுந்துகொண்டே இருந்தது. இறுதியில் 2024இல், மெட்சர்வீஸை நிவாவோடு சேர்ப்பது என்று அரசு முடிவெடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு பரிசோதனை அப்படித் தன் போக்கைத் திருப்பிக்கொண்டது.

தரவை விற்பதன் விளைவைக் காட்ட, வானிலைக்கு நெருங்கிய உறவான புவி நோக்குச் செயற்கைக்கோள் துறையில் இன்னும் தெளிவான சான்று உண்டு. அமெரிக்காவில் ரீகன் அரசு 1983இல் வானிலைச் செயற்கைக்கோள்களையும், நிலப்பரப்பைப் படமெடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களையும் தனியாருக்கு விற்க முன்மொழிந்தது. வானிலைச் செயற்கைக்கோள்களை விற்பதை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. லேண்ட்சாட் மட்டும் 1984 சட்டத்தின் மூலம் வணிகத்துக்குப் போயிற்று. ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பல்கலைக்கழகங்களும் ஏழை நாடுகளும் வாங்குவதைக் குறைத்தன. விற்பனை செலவை ஈடுகட்டவும் இல்லை. 1992இல் மற்றொரு சட்டத்தால் அந்த முடிவு திருப்பப்பட்டது. 2008இல் படங்கள் முழுவதும் இலவசமாயின. அதன் பிறகு பயன்பாடு பல மடங்கு பெருகியது. தரவுக்கு விலை வைக்கும்போது அரசுக்குக் கிடைக்கும் வருவாய் சிறியது. அந்த விலையால் எவரும் செய்யாமல் விட்ட ஆய்வும், தொடங்காமல் விட்ட தொழிலும் கணக்கேட்டில் வராத பெரிய இழப்பு. இந்த வழியை நான்கு வழிகளில் மிகப் பலவீனமானதாகவே மதிப்பிடுகிறேன்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் ஏற்கலாம். வானூர்திப் போக்குவரத்துக்கென்று தனியாகச் செய்யப்படும் வானிலைச் சேவையின் செலவை, வான்வழிக் கட்டணங்கள் மூலம் விமான நிறுவனங்களிடமிருந்து பெறும் முறை உலகெங்கும் நெடுங்காலமாக உள்ளது. அங்கே வசூலிக்கப்படுவது குறிப்பிட்ட பயனாளருக்கான சேவையின் செலவு. அடிப்படைத் தரவின் கதவு அதனால் மூடப்படுவதில்லை. நிதித்துறையின் அழுத்தம் தவிர்க்க முடியாததாக இருக்கும் நாடுகள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.

திறந்த அடித்தளம், அதன் மேல் தனியார்

மூன்றாவது வழியில், அளப்பதையும் அடிப்படைக் கணிப்பையும் எச்சரிக்கையையும் அரசு செய்கிறது. தரவு முழுவதையும் கட்டணமின்றித் திறந்துவிடுகிறது. அதன் மேல் தனியார் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அமெரிக்கா பெரும்பாலும் இந்த வழியில்தான் சென்றது. 1962இல் தொடங்கிய அக்யூவெதர் என்னும் தனியார் நிறுவனம் முதல் இன்றைய சிறு செயலிகள் வரை பெரும் வானிலைத் தொழில் ஒன்று அங்கே வளர்ந்ததற்கு, அரசுத் தரவு விலையின்றிக் கிடைத்தது முக்கியக் காரணம்.

இந்த ஏற்பாட்டில் எல்லைத் தகராறு ஓயாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியார் ஏற்கெனவே தருகிற எந்தச் சேவையையும் அரசு வானிலைத் துறை தரக்கூடாது என்ற நோக்கில் 2005இல் அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால், துறை அளந்து கணித்ததை அதனிடமிருந்தே நேராகப் பெறும் உரிமை மக்களுக்குக் குறைந்திருக்கும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2003இல், அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகத்தின் அறிக்கை ஒன்று வேறு வழியைக் காட்டியிருந்தது. அரசு இதைச் செய்யலாம், தனியார் அதைச் செய்யலாம் என்று நிரந்தரக் கோடு போட முயல வேண்டாம், தொழில்நுட்பம் அந்தக் கோட்டை விரைவில் அழித்துவிடும்; மாறாக, எந்தப் புதிய சேவையையும் தொடங்கவோ நிறுத்தவோ எப்படி முடிவெடுப்பது என்பதற்கு வெளிப்படையான நடைமுறையை வகுத்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் மையக் கருத்து. இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்பும் இந்த அறிவுரை உறுதியாக நிற்கிறது என்று கருதுகிறேன். கைபேசிச் செயலி என்ற ஒன்று வரும் என்பதைத் தொண்ணூறுகளில் எழுதிய எந்தச் சட்டமும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

இந்த வழியின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அது பேசப்படுவது குறைவு. மக்கள் தம் கைபேசியில் பார்ப்பது தனியார் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும். அந்த எண்களுக்குப் பின்னால் பலூன் ஏற்றியவரும் ரேடாரைப் பழுதுபார்த்தவரும் இருப்பதை அந்தத் திரை காட்டுவதில்லை. எனவே, செயலிதான் வானிலையைச் சொல்கிறதே, அரசுத் துறை எதற்கு என்ற கேள்வி எழுகிறது. வரவு செலவுத் திட்டம் போடும்போது அந்தக் கேள்விக்குப் பலம் கூடுகிறது. 2025இல் ஆள்குறைப்பால் அமெரிக்காவின் சில நிலையங்களில் பலூன் ஏற்றுவது நிறுத்தப்பட்டோ குறைக்கப்பட்டோ போனது. அடுத்த நாள் எந்தச் செயலியும் இருண்டுவிடவில்லை, வழக்கம்போல எண்களைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அடித்தளம் அரிக்கப்படுவது மேல்தளத்தில் உடனே தெரிவதில்லை என்பதுதான் ஆபத்து. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் நாடு, தரவைத் திறந்துவிடும்போதே, அதைப் பயன்படுத்துவோர் மூலத்தின் பெயரை மக்கள் பார்க்கும் இடத்தில் குறிப்பிட வேண்டும் என்று உரிம நிபந்தனையும் விதிக்க வேண்டும். செலவில்லாத நிபந்தனை இது. துறையின் எதிர்காலத்துக்கு இதைவிடப் பயனுள்ளது குறைவு.

ஜப்பான் இதே வழியில் ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்துள்ளது. 1952இன் வானிலைச் சேவைச் சட்டத்தை 1993இல் திருத்தி, தனியார் முன்னறிவிப்புக்குக் கதவை அகலமாகத் திறந்தார்கள். உரிமம் பெற்ற நிறுவனங்கள் தேர்வில் வென்ற முன்னறிவிப்பாளர்களைப் பணியில் வைத்திருக்க வேண்டும். முதல் தேர்வு 1994இல் நடந்தது. ஆனால் எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் அரசு முகமையிடம் மட்டுமே இருக்கிறது. முன்னறிவிப்பில் பல குரல், எச்சரிக்கையில் ஒரே குரல் என்ற இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது; தேர்வும் உரிமமும் எல்லா நாடுகளுக்கும் தேவையா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. சிறிய நாடுகளில் அது புதியவர்களைத் தடுக்கும் வேலியாகிவிடலாம்.

எச்சரிக்கையை ஏன் தனியாகப் பிரிக்க வேண்டும்? எச்சரிக்கை என்பது கணிப்பின் உரத்த வடிவம் மட்டும் ஆகாது. அது ஒருவரை வீட்டை விட்டு எழுந்து போகச் செய்ய வேண்டும். 1970 நவம்பரில் வங்காள விரிகுடாவின் போலா புயல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புயல் வருவது தெரிந்திருந்தது, செயற்கைக்கோள் படமும் இருந்தது. கடலோரத் தீவுகளில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச்சேரவில்லை, சேர்ந்த இடத்தில் அது என்ன செய்யச் சொல்கிறது என்பது விளங்கவில்லை. 2013இல் பிலிப்பைன்ஸில் ஹையான் புயலின்போதும் கடல் எழுச்சி, அதாவது புயல் தள்ளும் கடல்நீர் கரையேறுவது, பற்றிய எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது. அந்தத் தொழில்நுட்பச் சொல்லின் பொருள் பலருக்குப் புரியவில்லை என்பது பின்னர் தெரிந்தது. 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது, கனமழை பற்றிய முன்னறிவிப்பு முன்கூட்டியே இருந்தும் மக்களை வெளியேற்றும் முடிவு உரிய நேரத்தில் எடுக்கப்படவில்லை. இந்த மூன்றிலும் அறுந்தது கணிப்புக்கும் செயலுக்கும் இடையிலான கண்ணி. காவல்துறை, பள்ளி, உள்ளாட்சி, படகுத்துறை எல்லாவற்றையும் ஒரே உத்தரவின் கீழ் அசைக்கும் அதிகாரம் அரசுக்கே உண்டு. அந்த அதிகாரத்தோடு பிணைந்த எச்சரிக்கையும் அரசிடமே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. தனியார் நிறுவனம் ஒன்று தன் சொந்தக் கருவிகளால் ஓர் ஆபத்தை அரசுக்கு முன்னரே கண்டுபிடித்தால், அதைப் பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு மட்டும் சொல்லலாமா? ஒரு தொழிற்சாலைக்கோ தொடர்வண்டிப் பாதைக்கோ குறிப்பாக எச்சரிப்பதைத் தடுப்பது மடமை, அது உயிர்களைக் காக்கும் வேலை. ஆனால் அதே தகவல் அதே கணத்தில் அரசு முகமைக்கும் கட்டணமின்றிச் சேர வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். தொழிற்சாலைச் சுவருக்கு உள்ளே இருப்பவருக்குக் கிடைக்கும் பத்து நிமிடம், சுவருக்கு வெளியே குடியிருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அரசு வாங்குபவராவது

நான்காவது வழி புதியது, வேகமாக வளர்வது. இதில் அளக்கும் வேலையின் ஒரு பகுதியைத் தனியார் செய்ய, அரசு அந்தத் தரவை வாங்குகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் சமிக்ஞை வளிமண்டலத்தின் விளிம்பை ஊடுருவி மற்றொரு செயற்கைக்கோளை அடையும்போது சிறிது வளைகிறது. அந்த வளைவிலிருந்து காற்றின் வெப்பநிலையையும் ஈரத்தையும் அடுக்கடுக்காகக் கணக்கிட முடியும். ஒரு காலணிப் பெட்டியளவு செயற்கைக்கோளாலேயே இதைச் செய்யலாம் என்று ஆனபின், ஸ்பயர் போன்ற நிறுவனங்கள் அவற்றைக் கூட்டமாக ஏவின. அமெரிக்க அரசு 2020இல் இந்தத் தரவைத் தன் அன்றாடக் கணிப்புக்காக வாங்கத் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் அரசுச் செயற்கைக்கோள் திட்டத்தோடு ஒப்பிட்டால் விரைவு, குறைந்த தொடக்கச் செலவு, தோல்வியின் சுமை நிறுவனத்தின் தலையில் என்பன இதன் நன்மைகள். பெருங்கடல்களின் மேல் பலூன் ஏற்ற யாரும் இல்லாத இடங்களில் இந்தத் தரவின் மதிப்பு மிக அதிகம்.

பிறர் தரும் தரவைச் சார்ந்திருப்பதன் விலையையும் 2020ஆம் ஆண்டே காட்டியது. பயணிகள் விமானங்களின் உணர்கருவிகள் பறக்கும்போதே வெப்பநிலையையும் காற்றையும் அளந்து அனுப்புகின்றன. கணினி மாதிரிகளுக்கு அது சிறந்த உணவு. பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது, அந்த அளவீடுகள் வழக்கத்தைவிடச் சராசரியாக 75 முதல் 80 விழுக்காடு குறைந்தன என்று உலக வானிலை அமைப்பு அந்த ஆண்டு மே மாதம் அறிவித்தது. செயற்கைக்கோள்களும் பலூன்களும் தாங்கிப் பிடித்ததால் கணிப்பு சரிந்துவிடவில்லை. சில ஐரோப்பிய நாடுகள் அவ்வேளை கூடுதல் பலூன்களை ஏற்றின. யாரும் தவறு செய்யவில்லை, எந்த ஒப்பந்தமும் மீறப்படவில்லை. வேறொரு தொழிலின் துணைப்பொருளாக வந்த தரவு, அந்தத் தொழில் நின்றதும் நின்றது.

நிறுவனமே கைமாறும்போது நடப்பதையும் பார்த்திருக்கிறோம். டார்க் ஸ்கை என்ற செயலியின் துல்லியமான மழைக்கணிப்பை நம்பிப் பல மென்பொருள்கள் கட்டப்பட்டிருந்தன. 2020இல் ஆப்பிள் அதை வாங்கியது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது நின்றது. பிற மென்பொருள்களுக்குத் தரவு வழங்கிய வழியும் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. இதில் சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை. ஆயினும் ஒரு நாட்டின் புயல் கணிப்பு அப்படியொரு விற்பனை முடிவில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

உரிமச் சிக்கல் இதைவிட ஆழமானது. ஓர் அரசு தான் வாங்கும் தரவைத் தன் மாதிரியில் மட்டும் பயன்படுத்தலாம், பிற நாடுகளோடு பகிரக்கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கினால் விலை குறையும். ஒவ்வோர் அரசும் அப்படி மலிவாக வாங்கினால், உலகளாவிய பகிர்வு மெல்ல மெல்லத் துண்டுகளாகிவிடும். 1995இல் உலக வானிலை அமைப்பின் 40ஆம் தீர்மானம் அடிப்படைத் தரவுகளைத் தடையின்றி இலவசமாகப் பகிர்வதை ஏற்றது. 2021இல் அந்தக் கொள்கை புதுப்பிக்கப்பட்டு விரிவாக்கப்பட்டது. இந்த வழியைத் தேர்வு செய்யும் நாடு, கூடுதல் விலை கொடுத்தேனும் உலகப் பகிர்வு உரிமையோடுதான் வாங்க வேண்டும். அது முடியாவிட்டால், குறைவாக வாங்குவது மேல்.

செயற்கை நுண்ணறிவு மாற்றியதும் மாற்றாததும்

இரண்டாவது வேலையான கணிப்பில் கடந்த சில ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இந்த ஒப்பீட்டைச் சற்றே புரட்டிப் போட்டிருக்கிறது. 2023இல் ஹுவாவேயின் பாங்கு வெதர், கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் ஆகிய மாதிரிகள், உலகின் தலைசிறந்த அரசுசார் மாதிரிகளுக்கு ஈடாகவும் பல அளவைகளில் மேலாகவும் கணிக்கின்றன என்பது ஆய்விதழ்களில் வெளியாயிற்று. மீத்திறன் கணினியில் மணிக்கணக்கில் ஓட வேண்டிய கணிப்பை அவை நிமிடங்களில் தருகின்றன. இதைக் கண்டு, கணிப்பில் அரசுக்கு இனி வேலையில்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு.

அந்த மாதிரிகள் எதைப் படித்துக் கற்றன என்று கேட்டால் விடை வேறாகத் தெரியும். இரண்டுமே ஐரோப்பிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையம் உருவாக்கிய 'ஈரா5' என்னும் மீள்பகுப்பாய்வுத் தொகுப்பில் பயிற்சி பெற்றவை. பல நாட்டு அரசுகள் சேர்ந்து 1975இல் அமைத்த பொது நிறுவனம் அது. அந்தத் தொகுப்பு 1940 வரை பின்னோக்கிச் சென்று மணிக்கு மணி வளிமண்டலத்தை மீட்டெடுத்துத் தருகிறது. அதற்குள் இருப்பது, பல பத்தாண்டுகளாக எண்ணற்ற நிலையங்களில் எண்ணற்ற பணியாளர்கள் ஏற்றிய பலூன்களும் படித்த வெப்பமானிகளும்தான். அன்றாடக் கணிப்பைத் தொடங்குவதற்கும் அந்த மாதிரிகளுக்கு இன்றைய வளிமண்டலத்தின் நிலை வேண்டும். அதையும் பொது நிறுவனங்களே தருகின்றன. அதே ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் தன்னுடைய செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பணியில் இறக்கியது. கணிப்பு என்னும் கண்ணியில் போட்டி இனி நெருக்கமாக இருக்கும், அது வரவேற்கத்தக்கது. அங்கே அரசு ஏகபோகம் தேவையில்லை. அளத்தல் என்னும் கண்ணியில் அரசின் சுமை முன்னைவிடக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

வசதி குறைந்த நாடுகளைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் பெரும்பகுதி பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தனியார் சேவைக்குப் பணம் கட்டும் சந்தையே சிறியது; அயல் உதவியில் நிறுவிய தானியங்கி நிலையங்கள் உதிரிபாகம் இல்லாமல் நின்றுபோவது வழக்கமாகிவிட்டது. அடிப்படை அளவீட்டு வலையமைப்பை உலகெங்கும் உரிய தரத்துக்கு உயர்த்தினால் ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கும் மேற்பட்ட கூடுதல் பயன் கிடைக்கும் என்று உலக வங்கி 2021இல் மதிப்பிட்டது. அந்தப் பயன் பெரும்பாலும் எல்லை தாண்டிப் போவதால், செலவையும் எல்லை தாண்டிப் பகிர வேண்டும். அதற்கென்று அமைக்கப்பட்ட பன்னாட்டு நிதி, கருவியை நிறுவுவதோடு நில்லாமல் அதை இயக்கும் செலவையும் ஏற்கிறது; இத்தனை ஆண்டு தவறிய இடம் அதுவே என்பதால் இந்த மாற்றம் எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஆகவே, முடிவெடுக்க வேண்டியவர் என்னிடம் கேட்டால், மூன்றாவது வழியை உடலாகவும் நான்காவது வழியைக் கைத்துணையாகவும் கொள்ளச் சொல்வேன். அடிப்படை வலையமைப்பும் எச்சரிக்கையும் சட்டத்தில் எழுதப்பட்டு அரசிடம் இருக்கட்டும், தரவு திறந்திருக்கட்டும், அன்றாட முன்னறிவிப்பு மக்களுக்கு அரசிடமிருந்தும் நேராகக் கிடைக்கட்டும், ஜெர்மன் தீர்ப்பு போன்றதொரு நிலை வராதபடி சட்டத்தின் சொற்களை முன்கூட்டியே பார்த்து எழுதட்டும். குறிப்பிட்ட வாடிக்கையாளருக்கு வடித்துக் கொடுக்கும் தொழிலிலிருந்து அரசு விலகி நிற்கட்டும்.

வாங்கும் தரவைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியவை விலையும் துல்லியமும்தான் என்று பலர் நினைப்பார்கள். நான் முதலில் தேடுவது வேறு மூன்று விதிகளை: நிறுவனம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ அதை எத்தனை மாதம் முன்னரே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்தத் தரவு நின்றுவிட்டால் கணிப்பு எவ்வளவு பின்னடையும் என்று ஆண்டுதோறும் சோதித்துப் பார்க்க உரிமை உண்டா, வாங்கிய தரவு முழுவதும் அரசின் நிரந்தரக் காப்பகத்தில் சேருமா. மூன்றாவது விதியைச் செலவு கருதி விட்டுவிடுவது எளிது. விட்டுவிட்டால், 2060இல் நம் காலத்து வளிமண்டலத்தை மீட்டெடுக்க முயல்பவருக்கு 1940களின் பலூன் பதிவு கிடைக்கும், 2020களின் செயற்கைக்கோள் பதிவு கிடைக்காது.